நாற்பது நிமிடம், ஒரு நிலைப்பாடு

லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்களின் ஸ்கோர் ஷீட்டில் அடிக்கடி கண்ணில் படும் வரிசை இது. பார்க்க நல்ல மார்க்தான். ஆனால் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கடைசி 6.5 என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜெனரல் ட்ரெய்னிங் தேர்வில் ரைட்டிங் 7 வந்தால் கனடாவின் மொழி அளவுகோலில் அது சிஎல்பி 9. ரைட்டிங் 6.5 என்றால் சிஎல்பி 8. துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இந்த அரை பேண்டில் நேரடியாகப் போவது 8 பாயிண்ட். இழப்பு அத்தோடு நிற்பதில்லை. நான்கு பிரிவிலும் சிஎல்பி 9 இருந்தால்தான் படிப்புக்கும் வெளிநாட்டு அனுபவத்துக்கும் உரிய கூடுதல் பாயிண்ட் முழுசாகக் கிடைக்கும். மாஸ்டர்ஸ் முடித்து, கனடாவுக்கு வெளியே மூன்று வருட அனுபவமும் வைத்திருப்பவர் அங்கே 25, 25 என இன்னும் 50 பாயிண்ட்டை விடுகிறார். ஆக மொத்தம் 58. வேறு எதிலும் குறை இல்லை, ரைட்டிங்கில் மட்டும் அரை பேண்ட்.

பிரிட்டனுக்குப் போகும் நர்ஸ்களுக்கும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. அந்நாட்டில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி ஒரு காலத்தில் நான்கு பிரிவிலும் 7 கேட்டது. 2018 இறுதியில் ரைட்டிங்குக்கு மட்டும் 6.5 போதும் என்று இறங்கி வந்தது. மற்ற மூன்றிலும் இன்னும் 7.

ரைட்டிங் மார்க் குறைந்ததும் பலர் கிராமர் புத்தகம் வாங்கப் போகிறார்கள். என் கணிப்பு வேறு. 6-லும் 6.5-லும் மாட்டிக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இங்கிலீஷ் போதுமான அளவு இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது ஒரு முடிவு. என்ன சொல்லப் போகிறோம் என்று தீர்மானிக்காமலே எழுத ஆரம்பிக்கிறார்கள். பாதி வழியில் நிலைப்பாடு மாறுகிறது, உதாரணம் எங்கோ போகிறது, கடைசி பாராவில் எல்லாமே முக்கியம் என்று முடிகிறது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதற்கு மாதக்கணக்கும் ஆகாது.

மார்க் எங்கே இருக்கிறது

ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 வார்த்தை, டாஸ்க் 2-க்குக் குறைந்தது 250. நீங்கள் அகாடமிக் எழுதினாலும் ஜெனரல் ட்ரெய்னிங் எழுதினாலும் டாஸ்க் 2 என்பது எஸ்ஸேதான், பெரும்பாலும் வாதக் கட்டுரை. டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு எடை இதற்கு. ஆக, உங்கள் ரைட்டிங் ஸ்கோரில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு எஸ்ஸேயில் இருக்கிறது.

எக்ஸாமினர் இதை நான்கு தலைப்பில் தனித்தனியாக மதிப்பிடுவார். முதலாவது டாஸ்க் ரெஸ்பான்ஸ், அதாவது கேட்ட கேள்விக்கு முழுப் பதில் வந்திருக்கிறதா என்பது. அடுத்தது கோஹெரன்ஸ் அண்ட் கோஹிஷன்: கருத்துகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள். மூன்றாவது சொல்வளம். நான்காவது கிராமர். நான்குக்கும் சம எடை, தலா 25 சதவீதம்.

உங்கள் லாபம் எங்கே என்று இப்போது பாருங்கள். சொல்வளமும் கிராமரும் ஒரு படி ஏற மாதங்கள் பிடிக்கும். முதல் இரண்டும் திட்டமிடும் பழக்கத்தைப் பொறுத்தவை, வாரக்கணக்கில் நகரும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் உழைப்பை எங்கே போடுவது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு விஷயம். 6-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்பது ரகசியம் இல்லை. தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் மூவரும் பேண்ட் டிஸ்கிரிப்டர்களை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள். 2023-ல் அவற்றைத் திருத்தியும் வெளியிட்டார்கள். 7 வாங்கும் கட்டுரையில் நிலைப்பாடு தெளிவாக இருக்கும், அது வளர்க்கப்பட்டும் இருக்கும். 6 வாங்கும் கட்டுரையிலும் நிலைப்பாடு உண்டு, ஆனால் முடிவுரை தெளிவில்லாமலோ சொன்னதையே திரும்பச் சொல்வதாகவோ இருக்கலாம், சில கருத்துகள் பாதியில் நிற்கலாம். ஆயிரக்கணக்கில் கோச்சிங் ஃபீஸ் கட்டியும் இந்த இலவச ஆவணத்தை ஒருமுறைகூடப் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே டவுன்லோடு செய்து, டாஸ்க் 2 பக்கத்தில் 6, 7, 8 மூன்று வரிசையை மட்டும் பிரின்ட் எடுத்து மேஜையில் ஒட்டுங்கள்.

டாபிக் வேறு, கேள்வி வேறு

நகரங்களில் டிராஃபிக் நெரிசலைக் குறைக்க மிகச் சிறந்த வழி பெட்ரோல் விலையை உயர்த்துவதுதான் என்று ஒரு கேள்வித்தாள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறது. டிராஃபிக் என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா ஓட ஆரம்பிக்கிறது. டிராஃபிக்கால் மாசு, டிராஃபிக்கால் தாமதம், டிராஃபிக்கால் மன அழுத்தம். 280 வார்த்தை வந்துவிடும், இங்கிலீஷும் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் கேள்வி அது இல்லையே. ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லில்தான் கேள்வி இருக்கிறது. பெட்ரோல் விலை உயர்வை வேறு ஒரு வழியோடு ஒப்பிட்டு, இது மேலா அது மேலா என்று சொல்லாதவரை நீங்கள் பதில் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

எனவே கேள்வியைப் படித்ததும் எடை தாங்கும் சொற்களைத் தேடுங்கள். ஒன்லி, ஆல், மோர் தேன், தி பெஸ்ட், ஷுட் போன்ற சின்னச் சொற்கள்தான் அவை. பேப்பரில் எழுதினால் அடிக்கோடு போடுங்கள், கம்ப்யூட்டரில் என்றால் ரஃப் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேள்வியின் வகை. ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டால் உங்கள் நிலைப்பாடு ஒன்று போதும். இரண்டு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால் வேலை மூன்று: அந்தத் தரப்பு, இந்தத் தரப்பு, உங்கள் தரப்பு. மூன்றாவதை கடைசி வரியில் அவசரமாக ஒட்டுகிறவர்கள் ஏராளம். நன்மை தீமையைவிட அதிகமா என்று கேட்டால் பட்டியல் மட்டும் பதிலாகாது, எது கனமானது என்று சொல்லியாக வேண்டும். ஏன் இப்படி நடக்கிறது, இது நல்லதா என்று இரட்டைக் கேள்வி வந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய சமமான இடம் தர வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

மொத்த 60-ல் டாஸ்க் 2-க்கு ஒதுக்கும் 40 நிமிடத்தில் 10 நிமிடம் திட்டம், 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் சரிபார்ப்பு. பக்கத்தில் இருப்பவர் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்ததும் உங்களுக்குக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே எழுத ஆரம்பித்தவர்தான் முப்பதாவது நிமிடத்தில் ஒரு பாராவை முழுசாக அழித்துக்கொண்டிருப்பார்.

பயிற்சிக்காக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது கம்பெனிகள் பட்டத்தைவிட வேலை அனுபவத்துக்கே அதிக மதிப்புத் தர வேண்டும். இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?

1. ஒரே வாக்கியத்தில் முடிவெடுங்கள். இதைத் தமிழிலேயே யோசிக்கலாம், தப்பில்லை. ‘பெரும்பாலான வேலைகளுக்கு அனுபவம்தான் முக்கியம், ஆனால் தவறு நடந்தால் உயிர் போகும் தொழில்களில் பட்டம் முதலில்.’ இவ்வளவுதான். இதில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எந்த அளவுக்கு என்ற கேள்விக்கு எல்லைதான் பதில். முழுசாக ஒப்புக்கொள்வதும் சரி, முழுசாக மறுப்பதும் சரி, எக்ஸாமினர் உங்கள் கருத்து சரியா தவறா என்று பார்ப்பதில்லை. இரண்டும் சமமாக முக்கியம் என்று நடுவில் நின்றால் மட்டும் கஷ்டம். அதற்குக் காரணம் சொல்வது மற்ற இரண்டையும்விடக் கடினம், பெரும்பாலும் அது முடிவெடுக்காததன் அடையாளமாகவே படும். மனதில் உண்மையாக என்ன நினைக்கிறீர்கள் என்பதுகூட இரண்டாம் பட்சம். எந்தப் பக்கத்துக்கு உங்களிடம் நல்ல உதாரணம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள்.

2. இரண்டு காரணம். நான்கு வேண்டாம். 280 வார்த்தையில் நான்கு காரணத்தை வளர்க்க இடமே கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தோடு செத்துப்போகும். ஐந்தாறு யோசித்து, நன்றாகப் பேச வரும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள்.

3. ஒவ்வொரு காரணத்தையும் ‘எப்படி?’ ‘அதனால்?’ என்று குடையுங்கள். இந்தப் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் உங்கள் கட்டுரையின் தரமே மாறும். அனுபவம் உள்ளவர் நன்றாக வேலை செய்வார் என்று எழுதுகிறீர்கள். இது காரணமே இல்லை, கேள்வியை வேறு வார்த்தையில் சொன்னதுதான். எப்படி நன்றாகச் செய்வார்? கோபமாக வரும் கஸ்டமரை ஏற்கெனவே சமாளித்திருப்பார், டெட்லைன் நெருங்கும்போது எதை முதலில் முடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். அதனால்? முதல் வாரத்திலேயே ஒரு ஷிஃப்ட்டைத் தனியாகப் பார்ப்பார். அதனால் கம்பெனிக்கு என்ன? ட்ரெய்னிங் செலவு மிச்சம், சீனியர்களின் நேரம் மிச்சம். இந்த மூன்று பதிலும் மூன்று வாக்கியம். பாராவின் நடுப்பகுதி இப்போது உங்கள் கையில் இருக்கிறது, ஒரு கடினமான வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

4. ஆளுக்கும் இடத்துக்கும் பெயர் இருக்கும் உதாரணமாகத் தேடுங்கள். உங்கள் சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் தரும்படி கேள்வித்தாளே சொல்கிறது. பட்டம் மட்டும் போதாது என்பதற்கு நமக்குத் தெரிந்ததே இருக்கிறது: கல்லூரி முடித்து வரும் இன்ஜினியர்களை இன்ஃபோசிஸ் தன் மைசூரு வளாகத்தில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் புராஜெக்ட்டுக்கு அனுப்புகிறது. இன்னொன்று ஜோஹோ. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த இளைஞர்களை ஜோஹோ ஸ்கூல்ஸ் வழியாக எடுத்து, பயிற்சி தந்து, வேலையிலும் அமர்த்துகிறது. கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜோஹோ உதாரணம் ‘பட்டம் தேவையில்லை’ என்று காட்டுகிறது. நம் கேள்வி ‘அனுபவத்துக்கு அதிக மதிப்பா?’ என்பது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றல்ல. எனவே உதாரணம் முடிந்ததும் ஒரு வாக்கியத்தில் அதைக் கேள்விக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்: நான்கு வருடம் வகுப்பில் உட்கார்ந்ததைவிட நிஜமான புராஜெக்ட்டில் கற்றதை இந்த நிறுவனம் நம்புகிறது, அந்த நம்பிக்கை வீண் போகவில்லை என்று. இந்தத் திருப்பும் வாக்கியம் இல்லாமல் நல்ல உதாரணங்கள் எவ்வளவோ வீணாகின்றன. 7-க்கான டிஸ்கிரிப்டரில்கூட, துணைக் கருத்துகள் கொஞ்சம் குறி தவறலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. 8 வேண்டும் என்றால் அந்தச் சலுகையை நம்பக் கூடாது.

5. எதிர்த்தரப்பின் வலுவான பாயிண்ட்டைக் குறியுங்கள். இங்கே அது டாக்டர்களும், பாலம் கட்டும் இன்ஜினியர்களும். பட்டம் இல்லாதவர் நோயாளியின் மேல் கை வைத்து அனுபவம் சேர்க்க முடியாது. இதை ஒப்புக்கொள்வதால் உங்கள் வாதம் பலவீனமாகாது, எல்லை தெளிவாகிறது. எதிராளியின் பலவீனமான பாயிண்ட்டைப் பிடித்து அடிப்பதில் எந்த லாபமும் இல்லை, எந்த மீட்டிங்கிலும் அது எடுபடாது, இங்கேயும் அப்படித்தான்.

இந்த ஐந்தும் சேர்ந்து ரஃப் ஷீட்டில் எட்டுப் பத்து வரிதான் வரும். முழு வாக்கியம் வேண்டாம், குறிப்பு போதும். முடிவைத் தமிழில் யோசித்தாலும் குறிப்பை இங்கிலீஷில் எழுதுங்கள். உங்களுக்கு எந்த வார்த்தை தெரியும், எது தெரியாது என்பது அப்போதே தெரிந்துவிடும். சொல்ல வார்த்தை இல்லாத கருத்தைத் திட்டத்திலேயே கைவிடுவது நல்லது. பாதி எழுதிய பிறகு கைவிட்டால் நேரமும் போகும்.

எழுதும் 25 நிமிடம்

முன்னுரை இரண்டே வாக்கியம். முதலாவதில் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், இரண்டாவதில் உங்கள் நிலைப்பாட்டை வையுங்கள். 40, 50 வார்த்தையில் முடியட்டும். மனித குலம் தோன்றிய நாள் முதல் கல்வி முக்கியமாக இருந்துவருகிறது என்பது போன்ற தொடக்கத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. கேள்வித்தாளின் வரிகளை அப்படியே காப்பி அடிப்பதும் வீண். அந்த வார்த்தைகள் உங்களுடையதாகக் கணக்கில் வராது.

நடுவில் இரண்டு அல்லது மூன்று பாரா. ஒவ்வொன்றின் முதல் வாக்கியமும் அந்தப் பாராவின் கருத்தை நேராகச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியங்களை மட்டும் படித்தாலே உங்கள் வாதம் முழுசாகப் புரிகிறதா என்று சோதியுங்கள். பிறகு எப்படி, அதனால் என்ன, உதாரணம், கேள்விக்குத் திரும்பும் வாக்கியம். நம் கேள்விக்கு இரண்டு காரணத்துக்கு இரண்டு பெரிய பாரா, விதிவிலக்குக்கு ஒரு சின்ன பாரா. பாராக்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

முடிவுரையும் இரண்டு வாக்கியம். புதுக் கருத்து எதையும் இங்கே திறக்காதீர்கள். நேரம் தீரப்போகிறது என்றால் மூன்றாவது பாராவைச் சுருக்கிவிட்டாவது முடிவுரையை எழுதிவிடுங்கள். முன்னுரையில் ஒன்று சொல்லி முடிவுரையில் வேறொன்று சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். திட்டமில்லாமல் எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீளம் 260-லிருந்து 300 வார்த்தைக்குள் இருக்கட்டும். 250-க்குக் கீழே போனால் கருத்து வளரவில்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். 350-ஐத் தாண்டினால் கூடுதல் பக்கம் கூடுதல் பிழைகளைத்தான் கொண்டுவரும். கம்ப்யூட்டர் தேர்வில் வார்த்தை எண்ணிக்கை திரையிலேயே ஓடும். ஸ்பெல் செக் மட்டும் கிடையாது.

எந்த டாஸ்க்கை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். டாஸ்க் 1-ல் 30 நிமிடத்தைத் தொலைக்கும் பழக்கம் உள்ளவர் டாஸ்க் 2-ஐ முதலில் முடிக்கட்டும். இரண்டு மடங்கு மார்க் உள்ளதற்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடுங்கள்

கோச்சிங் சென்டர்களில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் ரெடிமேட் வாக்கியங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. திறமையான பிள்ளைகளை 6-ல் கட்டிப்போடுவது அதுதான். ‘இன் திஸ் கான்டெம்பரரி எரா’, ‘எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்’, ‘எ பிளெத்தோரா ஆஃப்’, ‘எ டபுள் எட்ஜ்டு ஸ்வோர்ட்’. எக்ஸாமினர் இவற்றைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவர். மனப்பாடம் செய்தது எங்கே முடிகிறது, உங்கள் சொந்த இங்கிலீஷ் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரியும், ஏனென்றால் அந்த இடத்தில் நடை தடுக்கி விழும். கட்டுரை முழுக்க மனப்பாடம் என்று நிரூபணமானால் கிடைப்பது பேண்ட் 0.

கனெக்டர்களும் இதே கதைதான். ஒவ்வொரு வாக்கியமும் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ என்று தொடங்கினால் இணைப்பு நன்றாக இருப்பதாக நம்பிக்கொள்கிறோம். பேண்ட் 6-க்கான டிஸ்கிரிப்டர் இதை இயந்திரத்தனம் என்று குறிக்கிறது. பேண்ட் 9-ல் இணைப்பு கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய வாக்கியத்தில் சொன்ன விஷயத்தை அடுத்த வாக்கியம் ‘திஸ் காஸ்ட்’, ‘சச் ட்ரெய்னிங்’ என்று கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்தாலே போதும், இணைப்பு வந்துவிடும்.

புள்ளிவிவரத்தை உற்பத்தி செய்யும் வழக்கத்தையும் விடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் 80 சதவீதம் பேர் என்று எழுதினால் அது உண்மையா என்று எக்ஸாமினர் தேடிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வெற்று எண் அது. நீங்கள் பார்த்த வார்டு, நீங்கள் வேலை பார்த்த டீம், உங்கள் ஊர் பஸ் ரூட், இவற்றைப் பற்றி எழுதினால் விவரம் தானாக வரும். விவரம் வந்தால் அதற்கான துல்லியமான சொல்லும் வரும். சொல்வளத்துக்கான மார்க் கிடைப்பது அங்கேதான்.

பிழைகளில் எதைப் பிடிப்பது

பேண்ட் 7-க்குப் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். 8-க்குப் பெரும்பாலானவை பிழையில்லாமல் இருக்க வேண்டும். கணக்கிடும் அலகு வாக்கியம் என்பதைக் கவனியுங்கள். ஐந்து வரி ஓடும் வாக்கியத்தில் ஒரு ‘தி’ விட்டுப்போனாலும் அந்த வாக்கியம் முழுசும் பிழையுள்ளதாகிவிடும். தமிழில் எச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியமாக எவ்வளவு தூரமும் போகலாம், நமக்கு அது பழகிப்போன சுகம். அதே மூச்சில் இங்கிலீஷ் எழுதினால் கமாவுக்குப் பிறகு கமா போட்டு மூன்று வாக்கியங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரு வாக்கியத்தில் ஒரு முதன்மைக் கருத்து, அதோடு ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘விச்’ போன்ற ஒரு துணைப்பகுதி. இந்த அளவே கிராமர் மார்க்குக்கும் போதும், பாதுகாப்பும்கூட.

நம்மவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ‘எ’, ‘தி’ விடுபடுவது முதலிடம். ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘டிஸ்பைட் ஆஃப்’, ‘கோப் அப் வித்’ என்று தேவையில்லாத ஒட்டு. ‘ஒன் ஆஃப் தி ரீசன்’ என்று பன்மையை விடுவது, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று வேண்டாத இடத்தில் பன்மை சேர்ப்பது. எழுவாய் ஒருமையாக இருக்க வினையில் ‘எஸ்’ விட்டுப்போவது. இவற்றில் உங்களுடையவை மூன்றோ நான்கோதான் இருக்கும். உங்கள் பழைய கட்டுரைகளைப் பார்த்து அவற்றைப் பட்டியல் போடுங்கள். கடைசி 5 நிமிடத்தில் கட்டுரையைப் பொதுவாகப் படிக்க வேண்டாம், இந்தப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் வேட்டையாடுங்கள். பொதுவாகப் படித்தால் எழுத நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

மூன்று வாரத் திட்டம்

முதல் வாரம் கட்டுரையே எழுதாதீர்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுத்தாள் தொகுப்புகளிலிருந்து தினம் இரண்டு டாஸ்க் 2 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், திட்டம் மட்டும். முதல் நாள் 20 நிமிடம் பிடிக்கும், பரவாயில்லை. கல்வி, வேலை, டெக்னாலஜி, சுற்றுச்சூழல், உடல்நலம், குற்றம், போக்குவரத்து எனத் தலைப்புகள் சுற்றிச் சுற்றி வருவதைக் கவனிப்பீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு நிஜ உதாரணம் சேர்த்து வையுங்கள்.

இரண்டாம் வாரம் தினம் ஒரு திட்டம், ஒரே ஒரு பாரா. ‘எப்படி, அதனால்’ சங்கிலியை உடையாமல் எழுதுவதுதான் பயிற்சி. வேலைக்குப் போகிறவர்கள் இதை ஆபீஸிலேயே பழகலாம். மேனேஜருக்கு அனுப்பும் மெயிலில் முதல் வரியில் உங்கள் பரிந்துரை, அடுத்து இரண்டு காரணம், ஒரு உதாரணம், எந்தச் சூழ்நிலையில் இது பொருந்தாது என்று ஒரு வரி. பதில் சீக்கிரம் வரும், உங்களைப் பற்றிய அபிப்பிராயமும் உயரும்.

மூன்றாம் வாரம் நேரம் வைத்து நான்கு முழுக் கட்டுரைகள். கம்ப்யூட்டர் தேர்வு என்றால் நோட்பேடில், ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவிட்டு. பேப்பர் தேர்வு என்றால் பேனாவில். 300 வார்த்தையைக் கையால் எழுதிப் பல வருடம் ஆகியிருக்கும், வேகம் தானாக வராது.

திருத்துவதற்கு சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் அது சொல்லும் பேண்டை நம்பி உட்கார வேண்டாம். கட்டுரையை அதையே எழுதச் சொல்லி மனப்பாடம் செய்தால் பழைய டெம்ப்ளேட்டுக்கே திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். குறிப்பான கேள்வி கேளுங்கள்: என் கட்டுரையில் எந்த வாக்கியம் கேள்விக்குத் தொடர்பில்லாமல் நிற்கிறது? எந்தக் காரணம் பாதியில் நிற்கிறது? இதைவிட நல்லது, நன்றாக இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கேள்வியைக் காட்டாமல் கட்டுரையை மட்டும் கொடுத்து, என்ன கேட்டிருப்பார்கள் என்று சொல்லச் சொல்வது. அவர் சொல்லும் கேள்வி நிஜக் கேள்வியோடு ஒத்துப்போகாவிட்டால் டாஸ்க் ரெஸ்பான்ஸில் எங்கே அடி விழுகிறது என்று தெரிந்துவிடும்.

ஐஇஎல்டிஎஸ்-க்குப் பதிலாக பிடிஇ அகாடமிக் என்ற இங்கிலீஷ் தேர்வை எழுதுகிறவர்களுக்கு அவகாசம் இன்னும் குறுகல்: எஸ்ஸேவுக்கு 20 நிமிடம், 200-லிருந்து 300 வார்த்தைக்குள். திட்டத்தை 4 நிமிடத்துக்குச் சுருக்குங்கள், ஒரு வரி நிலைப்பாடும் இரண்டு காரணமும் மட்டும் குறியுங்கள். தவிர்க்கக் கூடாதது அந்த 4 நிமிடம்.

தேதி புக் செய்யும் முன்

உங்களுக்கு எந்தப் பிரிவில் எவ்வளவு வேண்டும் என்பதை ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், யுனிவர்சிட்டியோ கவுன்சிலோ குடியேற்றத் துறையோ, அவர்களுடைய சொந்த வெப்சைட்டில் பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஓவரால் 7 கேட்பதும் ஒவ்வொன்றிலும் 7 கேட்பதும் வேறு வேறு. ஓவரால் என்றால் நான்கின் சராசரி, 6.75 வந்தாலும் 7 ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் என்றால் ரைட்டிங்குக்குத் தப்பிக்க வழியே இல்லை.

ரைட்டிங் மட்டும் குறைந்தால் இப்போது இரண்டு வழி உண்டு. ஒன் ஸ்கில் ரீடேக்கில் அந்த ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்குத்தான் அது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும், ஒரே ஒருமுறை. எல்லா நிறுவனமும் அதை ஏற்பதில்லை, பணம் கட்டும் முன் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று மறுமதிப்பீடு. தேர்வு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பேண்ட் மாறினால் கட்டிய ஃபீஸ் திரும்பி வரும். கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னேன், திட்டப்படியே எழுதினேன், ஆனாலும் மற்ற மூன்றையும்விட ரைட்டிங் மிகவும் கீழே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். நடுவில் நிலைப்பாடு மாறியது உங்களுக்கே நினைவிருந்தால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக்கு எடுத்து வைத்துவிட்டு, நாளைக் காலை இரண்டு கேள்விகளுக்குத் திட்டம் போட உட்காருங்கள்.